டீல்

எங்கள் வீட்டு ஹாலுக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் யாரும் கொடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நீங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு என் மனைவியைச் சந்தேகப்படக் கூடாது பாருங்கள். அவள் தெளிவாகத்தான் சொன்னாள். "சந்தனக் கலர். போன தடவை அடிச்ச அதே சந்தனக் கலர். கடைக்குப் போய் அதை மட்டும் சொல்லிட்டு வாங்க." நான் தலையை ஆட்டினேன். முப்பது வருஷமாக ஆட்டிப் பழகிய தலை. ஆட்டும்போது உள்ளே என்ன ஓடுகிறது என்று வெளியே தெரியாது.

உள்ளே ஓடியது இதுதான். ரிட்டையர் ஆகி எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் வீட்டில் என் அபிப்பிராயத்தைக் கேட்டது ஒரே ஒரு தடவை. கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்த்து எத்தனை நாளுக்கு வரும் என்று சொல்லச் சொன்னார்கள். பத்து நாள் வரும் என்றேன். சாயங்காலமே அடுப்பு அணைந்தது. அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்பதில்லை. இந்த நேரத்தில்தான் மார்கழி வந்தது, பொங்கலுக்குள் பெயின்ட் அடித்துவிட வேண்டும் என்ற பேச்சும் வந்தது. தை 22 எங்கள் கல்யாண நாள். முப்பது நிறைகிறது. ஹாலை ஒரு நல்ல நிறத்தில் அடித்து அவளை அசத்திவிட வேண்டும் என்று நினைத்தேன். அவளை அசத்த வேண்டும் என்று நான் கடைசியாக நினைத்தபோது வாங்கிய மின்சாரத் தேங்காய்த் துருவி இன்னும் பரணில் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது.

பெங்களூரில் இருக்கும் மகளுக்கு மொட்டை மாடியிலிருந்து ரகசியமாகப் போன் போட்டேன்.

"அப்பா, டீல்" என்றாள்.

"என்ன டீல்?"

"டீல் கலர்ப்பா."

"அதான் கேக்குறேன், கலர்ல என்ன டீல்? ரெண்டு வாளி வாங்கினா ஒண்ணு ஃப்ரீயா?"

ஐந்து நிமிஷம் இப்படியே போனது. தமிழில் டகரம் ஒன்றே ஒன்றுதான் என்பதால் எழுதிக் காட்டினாலும் இந்தக் குழப்பம் தீராது. கடைசியில் அவளே இறங்கி வந்தாள். டீல் என்பது ஒரு சின்ன வாத்தாம். ஆண் வாத்தின் கண்ணோரம் பளபளவென்று ஒரு பச்சைப் பட்டை ஓடும். அதை வைத்துத்தான் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் இருக்கிற இந்த நிறத்துக்கு இங்கிலீஷ்காரன் அந்த வாத்தின் பெயரையே வைத்துவிட்டான். பனிக்காலத்தில் நம் பக்கத்து ஏரிகளுக்குக்கூட அது வரும். தமிழில் கிளுவை என்பார்கள். கடையில் போய்க் கிளுவைக் கலர் கொடுங்கள் என்று கேட்டால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். டீல் என்று கேட்டால் நடக்கப்போவதைவிட மோசமாக இருக்காது என்றும் தோன்றியது.

மகள் படங்கள் அனுப்பினாள். நான்கு சுவரும் ஆழ்ந்த நீலப்பச்சை. நடுவில் சாம்பல் நிற சோபா, பித்தளை விளக்கு, மேஜையில் ஒரே ஒரு புத்தகம். மனிதர் யாரும் இல்லை. காலண்டர் இல்லை, காய்கிற துணி இல்லை, சோபாவில் உட்கார்ந்து பூண்டு உரிக்க ஒரு ஆள் இல்லை. இதையெல்லாம் நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். நான் கவனித்தது நிறத்தை மட்டும். இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது. படுத்த பிறகு ராத்திரி பதினொரு மணிக்குப் பளிச்சென்றது. மயில்கழுத்து! எங்கள் கல்யாண ரிசப்ஷனில் அந்த நிறம் இருந்தது. பக்கத்தில் அவள் நிற்கிறாள், ஷாமியானா, சீரியல் பல்ப், எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த மயில்கழுத்து. சரிதான், ரிசப்ஷன் புடவை. அவள் கட்டியிருந்த புடவையின் நிறத்தையே சுவருக்கு அடித்துவிட்டால்? இருட்டில் எனக்கே கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் அவள் தூக்கத்தில் புரண்டு, "ஃபேனைக் கொறைங்க" என்றாள்.

மறுநாள் அவள் கோயிலுக்குப் போன நேரத்தில் பீரோவைத் திறந்தேன். பெண்களின் பீரோ என்பது ஒரு தனி நிர்வாகம். நான் முப்பத்திரண்டு வருஷம் கணக்குத் தணிக்கை செய்தவன், இருந்தும் அந்த அடுக்கின் தர்க்கம் புரியவில்லை. மூன்றாவது தட்டில், அந்துருண்டை வாசனைக்கு அடியில், அந்த மயில்கழுத்து கிடைத்தது. திருபுவனம் பட்டு. மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பெரிய கடை வீதிக்குப் பஸ் ஏறினேன்.

பெயின்ட் கடையில் முதலில் ஷேட் கார்டைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு நிறமும் தபால்தலை அளவு. பெயர்கள் மட்டும் ஓஷன் விஸ்பர், மிஸ்டிக் லகூன் என்று கடல்கடந்து போய்க்கொண்டிருந்தன. நம் புடவைக் கடைகளைப் பாருங்கள். மாந்துளிர், வெங்காயச் சருகு, கிளிப்பச்சை, அரக்கு. சொன்ன மாத்திரத்தில் கண்ணில் தெரியும். எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்தில் முத்துச் செட்டியார் ஒரு நீலத்தில் புடவை நெய்து கொடுத்தார். இன்றைக்கும் எந்தக் கடையிலும் எம்.எஸ். புளூ என்றால் சரியாக அதை எடுத்துப் போடுவார்கள். பெயின்ட்காரர்கள் ஒரு தடவை ஜவுளிக் கடைக்குப் போய்வர வேண்டும் என்பது என் கட்சி. இதைக் கடைக்காரரிடமும் சொன்னேன். அவர் எனக்குப் பின்னால் நின்றவரிடம், "உங்களுக்கு என்ன சார்?" என்றார்.

நான் மஞ்சள் பையிலிருந்து புடவையை எடுத்தேன். இந்த நிறம் வேண்டும் என்றேன். கடைப் பையன் உற்சாகமாகிவிட்டான். நிறத்தை அளக்க உள்ளங்கை அளவில் ஒரு கருவி இருக்கிறது. எந்தப் பொருளின் மேல் வைத்து அமுக்கினாலும் அதற்கு ஒத்த நிறத்தின் எண்ணைச் சொல்லிவிடும். முந்தானையில் வைத்து அமுக்கினான். ஒரு நீலத்தைச் சொன்னது. கொஞ்சம் திருப்பி வைத்தான். ஒரு பச்சையைச் சொன்னது. இன்னொரு மடிப்பில் வைத்ததும் சாம்பல் கலந்த ஏதோ ஒன்று. பையன் கருவியைத் தட்டிப் பார்த்தான். கருவியின் மேல் குற்றமில்லை. மயில்கழுத்து என்பது ஒரே நிறமே இல்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நீலப் பாவில் பச்சை ஊடை ஓட்டி நெய்துவிடுவார்கள். பார்க்கிற கோணத்துக்குத் தக்கபடி ஒன்று மேலே வரும், ஒன்று அமுங்கும். மயிலின் கழுத்து திரும்பும்போது மாறுவதும் இப்படித்தான். சுவர் திரும்பாது. இந்த உண்மை அந்தக் கடையில் இருந்த எல்லோருக்கும் உறைத்தது, என்னைத் தவிர.

"மூணையும் கலந்து நடுவுல ஒண்ணு போடு தம்பி" என்றேன்.

எத்தனை லிட்டர் என்று கேட்டான். கணக்கு என்று வந்துவிட்டால் நான் யாரையும் நம்ப மாட்டேன். ஹால் பதினாறுக்குப் பன்னிரண்டு, உயரம் பத்தடி. நான்கு சுவரும் சேர்த்து 560 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு நூறு கழித்தால் 460. ஒரு லிட்டருக்குச் சுமார் நூறு சதுர அடி என்று அட்டையில் போட்டிருந்தது. ஆக 4.6 லிட்டர். ரெண்டு கோட் அடிக்க வேண்டும், அதனால் இரண்டால் பெருக்கு, 9.2. பத்து லிட்டர் வாளி! பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கையைக் காட்டி நிறுத்தினேன். அவன் சொல்ல வந்தது என்னவென்றால், அட்டையில் போட்டிருக்கும் நூறு சதுர அடி ரெண்டு கோட்டையும் சேர்த்துத்தான். இதை அட்டையிலேயே, நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டிருந்தால் படித்திருக்கக்கூடிய அளவு எழுத்தில், அச்சடித்திருந்தார்கள்.

வெள்ளை வாளியை மிஷினுக்குக் கீழே வைத்தான். மிஷின் ஊசி மருந்து போல அளந்து அளந்து சாயத்தை விட்டது. மூடியைப் போட்டு இன்னொரு மிஷினில் ஏற்றினான். அது சாமி வந்த மாதிரி ஆடியது. இறங்கியதும் பில்லைக் கையில் கொடுத்து அதில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினான். கலர் கலந்த பெயின்ட் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது. திரும்பக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா என்று சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பு காதில் கேட்கிறது.

கொழுந்தியாளுக்குக் கண் ஆபரேஷன் என்று மனைவி மூன்று நாள் திண்டுக்கல் போனாள். அதற்குள் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் வரை முடிந்திருந்தது. அம்மாவுக்கு எண்பத்து நாலு. பெயின்ட் வாடை ஆகாது என்று பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள். களம் எனக்குத்தான். மேஸ்திரியைக் கூப்பிட்டு, "டீல்" என்றேன்.

"சொல்லுங்க சார். நாள் கூலியா, சதுர அடிக் கணக்கா?"

விளக்காமல் வாளியைத் திறந்து காட்டினேன். மேஸ்திரி வாளிக்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"அம்மாகிட்டக் கேட்டுட்டீங்களா சார்?"

"இல்ல. இது சர்ப்ரைஸ்."

"ஆமா சார். ஆகும்."

ஒரே ஒரு சுவரை மட்டும் ஹைலைட்டாக அடித்துவிட்டு மற்ற மூன்றுக்கும் வெள்ளை போடலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். பத்து லிட்டர் வாங்கி வைத்திருப்பவனிடம் சொல்கிற யோசனையா அது? நான்கு சுவரும் என்றேன். ரோலர் ஓடியது. ஈரத்தில் பார்க்க வெளிறித் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தமாக இருந்திருக்கலாமோ என்றேன். அவர் ரோலரை நிறுத்தாமல், "காஞ்சா இருண்டுக்கும் சார்" என்றார். ராத்திரி காய்ந்தது. காலையில் பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். நுரை மட்டும் தானாகத் துப்பிக்கொண்டது. தபால்தலையில் பார்த்த நிறம் வேறு, நான்கு சுவரில் பார்ப்பது வேறு. ஒரு சுவர் தன் நிறத்தை எதிர்ச் சுவரின் மேல் அடிக்கிறது, அது திருப்பி அடிக்கிறது. நடுவில் நிற்கிறவன் மேல் எல்லாமும் அடிக்கிறது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். மஞ்சள் காமாலைக்கு அடுத்த கட்டம் ஏதாவது இருந்தால் அப்படி இருக்கும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆட்டோ வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றப் போனவள், உள்ளே பார்த்துவிட்டு, ஒரு கால் செருப்போடு இரண்டு படி பின்னால் இறங்கிக் கதவு எண்ணைப் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து நான்கு பக்கமும் நிதானமாகப் பார்த்தாள்.

"பிரைமரெல்லாம் இப்ப கலர்லயா வருது?"

நான் பேசவில்லை.

"இதுக்கு மேலதானே சந்தனக் கலர்?"

அதற்கும் நான் பேசவில்லை. மேஸ்திரி இல்லாத தூரிகையைத் தேடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவள் இன்னொரு தடவை சுவரைப் பார்த்தாள். "சரி" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் 'சரி' என்று சொன்ன சந்தர்ப்பங்களுக்கு என் மனசில் தனிப் பேரேடு உண்டு. அதில் ஒன்றுகூடச் சரியாக இருந்ததில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தகராறு இந்த நிறத்தின் பெயரைப் பற்றித்தான். எங்களுடையது வடக்குப் பார்த்த வீடு. பகலில் வாசல் வெளிச்சத்தில் சுவர் நீலம். சாயங்காலம் மஞ்சள் பல்பைப் போட்டால் பச்சை. ட்யூப்லைட்டுக்கு மாற்றினால் மறுபடி நீலம். "அந்தப் பச்சைச் சுவர் ஓரமா வெச்சிருக்கேன் பாருங்க" என்று அவள் ராத்திரி சொல்லி வைத்த மாத்திரையைக் காலையில் நீலச் சுவர் ஓரம் நான் தேடுவேன். ஒருநாள் கருக்கலில் கரண்ட் போனது. சிவப்பு மிதியடி, அரக்குத் திரை எல்லாம் கறுத்துப் போய்விட்டன, சுவர் மட்டும் மினுமினுவென்று நின்றது. மங்கலான வெளிச்சத்தில் கண்ணுக்கு வேலை செய்கிற செல்கள் வேறு, அவற்றுக்கு நீலப்பச்சைதான் தூக்கலாகத் தெரியும், சிவப்பு ஏறக்குறைய தெரியவே தெரியாது. அதற்கென்ன செய்வது? எதிர்வீட்டுக் குழந்தை ஜன்னலில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு, "பாட்டி, மீன் தொட்டிக்குள்ள தாத்தா இருக்காரு" என்றது.

எதிர்வீட்டுக்காரர் ரிட்டையர்டு தமிழாசிரியர், சைவ சித்தாந்தத்தில் கரை கண்டவர். வந்தார், பார்த்தார், மூக்கில் விரலை வைத்தார். "களிம்பு" என்றார். நான் ஏதோ மருந்து கேட்கிறார் என்று நினைத்து அலமாரியைத் திறக்கப் போனேன். அது இல்லையாம். செம்புப் பாத்திரத்தில் ஏறும் பச்சைக் களிம்பு. செம்பு என்றைக்கு உண்டோ அன்றைக்கே களிம்பும் அதனோடு உண்டு, அதுபோல ஆன்மாவோடு அநாதியாக ஒட்டியிருப்பது ஆணவ மலம் என்று சித்தாந்தம் சொல்கிறதாம். "அதை நாலு சுவர்லயும் பூசி வெச்சிருக்கீங்களே சார்" என்று சொல்லிவிட்டு, காபியையும் குடித்துவிட்டுப் போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இது கம்பெனிப் பெயின்ட், களிம்பாவது ஒன்றாவது என்று மறுப்பதற்கு ஆதாரம் தேடினேன். தேடாமல் இருந்திருக்கலாம். இந்தக் காலத்து நீலப்பச்சைப் பெயின்ட்டில் பெரும்பாலும் இருக்கிற சாயத்துக்குத் தாலோசயனின் என்று பெயர். 1928-ல் ஸ்காட்லாந்தில் கிரேஞ்ச்மவுத் என்ற ஊரில், ஒரு சாயத் தொழிற்சாலையில், இரும்புக் கொப்பரையின் உள்பூச்சு விரிசல் விட்டது. காய்ச்சிக்கொண்டிருந்தது வெள்ளைச் சரக்கு. அதில் நீலப்பச்சையாக ஒரு அழுக்கு வந்து சேர்ந்தது. அந்த அழுக்கை ஆராய்ந்து, இரும்புக்குப் பதிலாக எதைச் சேர்த்தால் இன்னும் பிரமாதமாக வரும் என்று பார்த்து, 1935-ல் விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். சேர்த்தது செம்பு. அதாவது வாத்தியார் சொன்னது வேதியியல்படியும் சரி. இதை அவரிடம் சொல்லக் கூடாது என்று இருந்தேன். அன்று சாயங்காலமே நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணை மூடி, "எல்லாம் அவன் செயல்" என்றார். அவன் என்று யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. என் பக்கம் கை காட்டின மாதிரி இருந்தது.

பெயின்ட் வாடை அடங்கி அம்மா வெளியே வர ஒரு வாரம் ஆனது. தடியை ஊன்றிக்கொண்டு ஹால் நடுவில் நின்று பார்த்தாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"பெருமாள் நெறம்டா" என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. திருச்சியில் இருந்துகொண்டு இதைவிட என்ன நற்சான்றிதழ் வேண்டும்? ரங்கநாதரையே பச்சை என்பார்கள், நீலம் என்பார்கள், கார்மேகம் என்பார்கள், கறுப்பு என்றும் கும்பிடுவார்கள். அவரிடம் யாரும் ஷேட் நம்பர் கேட்டதில்லை. சமையலறைக்குக் கேட்கிற மாதிரி, "நல்லாச் சொல்லும்மா" என்றேன்.

"உங்கப்பா வருஷா வருஷம் அடிப்பாரே, அதே நெறம். சுண்ணாம்பைத் தாளிச்சு, வஜ்ரத்தைக் காய்ச்சி ஊத்தி, ஒரு கை மயில்துத்தத்தைப் பொடிச்சுப் போடுவாரு. மட்டையை எடுத்து ஒரே நாள்ல அடிச்சு முடிச்சிருவாரு. பூச்சி பொட்டு வராது." கொஞ்சம் நிறுத்தி, "அவருக்கு மொத்தமா அஞ்சு ரூபா ஆகும். உனக்கு எவ்வளவுடா ஆச்சு?" என்றாள்.

மயில்துத்தமும் செம்புதான். அதை நான் சொல்லவில்லை. தொகையையும் சொல்லவில்லை.

வேட்டி விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? ஹாலில் சாய்வு நாற்காலி சுவரைப் பார்த்துப் போட்டிருக்கிறது. பேப்பர் வரும் வரை சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அப்படிப் பார்த்துவிட்டுக் குனிந்தால், என் வெள்ளை வேட்டி லேசாக ரோஸ் நிறத்தில் இருக்கிறது. "என் வேட்டியை எந்தச் சேலையோட போட்டு ஊற வெச்சே?" என்று குரல் கொடுத்தேன். தனியாகத்தான் துவைத்தேன் என்றாள். எடுத்துப் போய் வெளியில் பார்த்தாள், வெள்ளையாகத்தான் இருக்கிறது என்றாள். மறுநாள் வேறு வேட்டி. அதுவும் ரோஸ். இரண்டு வாரம் இதே சண்டை. என் தொல்லை தாங்காமல் அவள் ஒவ்வொரு தடவையும் சொட்டு நீலத்தை இரண்டு மடங்கு விட்டாள். கடைசியில் மருத்துவக் கல்லூரியில் படிக்கிற அக்கா மகன் வந்தான். உள்ளே நுழைந்ததும், "மாமா, ஆபரேஷன் தியேட்டர் மாதிரியே இருக்கு!" என்று சந்தோஷப்பட்டான். ரத்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டர் வெள்ளைச் சுவரைப் பார்த்தால் அதில் நீலப்பச்சையாகத் திட்டுத் திட்டாகத் தெரியும், கண் அப்படித்தான் ஏமாற்றும். 1914-லேயே சான்பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற சர்ஜன் தியேட்டரையே பச்சையாக்கினார் என்று விளக்கினான். பேச்சுவாக்கில், "இதையே உல்டாவா செஞ்சும் பாக்கலாம் மாமா. இந்தச் சுவரையே கொஞ்ச நேரம் முறைச்சுப் பாத்துட்டு வெள்ளையா எதையாச்சும் பாருங்க, ரோஸாத் தெரியும்" என்றான்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். ஒன்றும் பேசவில்லை. மருமகனுக்கு மட்டும் இன்னொரு முறுக்கு வைத்தாள். என் வேட்டிகள் இப்போது ரோஸாகத் தெரிவதில்லை. இரட்டை நீலம் ஏறி ஏறி, எந்தச் சுவரைப் பார்த்துவிட்டுப் பார்த்தாலும் அவை உண்மையாகவே நீலம்.

இத்தனைக்கும் நடுவில் ஒரே நம்பிக்கை தை 22. அன்றைக்குச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். காலையில் குளித்துவிட்டு வந்து, "அந்த மயில்கழுத்துப் பட்டைக் கட்டிக்கிட்டு வாயேன், ஒரு போட்டோ எடுக்கணும்" என்றேன். என்னைக் கூர்ந்து பார்த்தாள். "அதான் மடிப்பு மாறிக் கெடந்துச்சா?" என்றாள். ஆனாலும் கட்டிக்கொண்டு வந்தாள். சுவரோரம் நிற்க வைத்துப் போனில் எடுத்தேன். எடுத்ததைப் பார்த்தால் சுவரில் ஒரு முகம், இரண்டு கை. மற்றதெல்லாம் சுவரோடு சுவராகப் போய்விட்டது. அதைப் பொருட்படுத்தாமல் நாடகக் குரலில் சொன்னேன். "நம்ம ரிசப்ஷன்ல நீ கட்டியிருந்த புடவை. அந்த நெறத்தைத்தான் ஹால் முழுக்க அடிச்சிருக்கேன்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். ஆனந்தத்தில் என்று நினைத்தேன்.

"இது உங்கக்கா பொண்ணு மஞ்ச நீராட்டுக்கு உங்கக்கா எடுத்துக் கொடுத்தது. எனக்குப் புடிக்கவே இல்ல. நல்ல நாளுன்னு கேட்டீங்களேன்னு கட்டினேன். இதோட மூணாந்தடவை."

"அப்ப ரிசப்ஷன்ல?"

ஆல்பத்தை எடுத்துவந்தாள். பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொண்ட பழைய ஆல்பம். நாலாவது பக்கத்தில் ஷாமியானா, சீரியல் பல்ப், எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தபடியே. அவள் அரக்குப் பட்டில் நிற்கிறாள். பக்கத்தில், தோள் இரண்டும் தொங்க, கை விரல் நுனி மட்டும் வெளியே தெரிய, மயில்கழுத்து நிறத்தில் கோட் சூட் போட்டுக்கொண்டு ஒருவன் சிரிக்கிறான்.

நான்தான்.

அந்தக் கோட்டும் வாடகைக் கோட்டு.

அவள் அன்று சிரித்த சிரிப்பு பின்கட்டில் இருந்த அம்மாவுக்கே கேட்டு, என்னவென்று கேட்டு, அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். மகளுக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். அங்கிருந்தும் சிரிப்பு வந்தது. மத்தியானம் எனக்குப் பிடித்த சேமியா பாயசம் வைத்தாள். இரண்டு தடவை ஊற்றினாள். சந்தனக் கலரைப் பற்றி அப்புறம் பேச்செடுக்கவே இல்லை. வருகிறவர்களையெல்லாம் ஹாலில் உட்கார வைத்து ஆல்பத்தின் நாலாவது பக்கத்தைக் காட்டுகிறாள், அதோடு சரி.

நிறம் அழுத்தம் என்று மூன்று கோட் அடித்தும் வாளியில் நாலு லிட்டர் மிஞ்சியது. வீணாக்கக் கூடாது என்று பூந்தொட்டி, மாடிப்படிக் கைப்பிடிச் சுவர், மோட்டார் மேடை, அம்மாவின் முக்காலி எல்லாவற்றுக்கும் அடித்தேன். வாசல் இரும்புக் கேட்டுக்கும் அடித்தேன். தண்ணிப் பெயின்ட் இரும்பில் நிற்காதாம், அப்பளம் மாதிரி உரிந்து வருகிறது. எதிர்வீட்டு வாத்தியாருக்கு ஒரு லிட்டர் தருகிறேன் என்றேன். கைகூப்பினார்.

இன்னும் இரண்டரை லிட்டர் இருக்கிறது. மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது, கெடவில்லை. உங்கள் வீட்டில் ஒரு சின்ன அறையோ, சுற்றுச்சுவரில் ஒரு பக்கமோ இருந்தால் சொல்லுங்கள். காசு ஒன்றும் வேண்டாம். வரும்போது மட்டும் வீட்டம்மாவிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.